மஞ்சள் கரு வீடு திரும்பிய வழி

1

அண்ணனுக்கு முட்டை சமைத்துக் கொடுக்க இரண்டு மாதம் விடுப்பு வேண்டும் என்று பிரெஞ்சு மொழியில் எப்படி எழுதுவது? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். நான் மூன்று நாள் திணறினேன்.

நான் இருப்பது பாரிஸுக்கு வெளியே, ரயிலில் முக்கால் மணி நேரம். ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் பத்தொன்பது வருடமாக வேலை. நீண்ட விடுப்புக்கு ஒரு படிவம் உண்டு. காரணங்களைக் கட்டம் கட்டிக் கொடுத்திருப்பார்கள். திருமணம், பிள்ளைப்பேறு, கணவன் அல்லது மனைவியின் மரணம், பிள்ளையின் நோய். அண்ணன் என்று ஒரு கட்டம் கிடையாது. நிர்வாக அறையில் இருக்கும் பெண் நல்லவள்தான். படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் அண்ணனுக்கு மனைவி இல்லையா?" என்று கேட்டாள்.

"இருக்கிறார்."

"அவருக்குச் சமைக்கத் தெரியாதா?"

"ரொம்ப நன்றாகச் சமைப்பார். அதனால்தான் நான் போகிறேன்."

அவள் பேனாவை மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் 'இதர சொந்தக் காரணங்கள்' என்ற கட்டத்தில் என்னைத் தள்ளினாள்.

விஷயம் இதுதான். புதுச்சேரி பக்கம் ஏம்பலத்தில் இருக்கும் என் அண்ணன் ராமலிங்கத்துக்குக் கரும்புக் கொல்லையில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வயது அறுபத்திரண்டு. எங்கள் அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. கூடப் பிறந்தது அண்ணன் ஒருவர்தான். அவருக்கு வலி வந்த நேரத்தில் நான் இங்கே நானூறு பிள்ளைகளுக்குக் கேரட் துருவிக்கொண்டிருந்தேன். செய்தி மறுநாள்தான் வந்தது. "அவ்ளோ தூரத்துல இருக்கற, இன்னாத்துக்கு உன்ன பயமுறுத்தறதுன்னுதான் சொல்லல" என்றார் தனம் அண்ணி. அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

டாக்டர் சொல்லி அனுப்பியது நீளமான பட்டியல். எண்ணெய் நாளைக்கு மூன்று டீஸ்பூனுக்கு மேல் கூடாது. தேங்காய் குறைய வேண்டும். ஆட்டுக்கறி நிற்க வேண்டும். முட்டை சாப்பிடலாம், ஆனால் வெள்ளைக்கரு மட்டும். மூன்று வாரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை, ஏழாவது வாரம் இன்னொன்று. கெட்ட கொழுப்பு இறங்காவிட்டால் மறுபடி படுக்கவைத்து அடுத்த குழாயையும் பார்க்க வேண்டிவரும். இவ்வளவையும் கேட்டுவிட்டு அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். "கரும்பு வெட்டு வர்றதுக்குள்ள நா கொல்லைக்குப் போலாமா?"

அண்ணி இதைப் போனில் சொன்ன அன்றே நான் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

2

முட்டை விஷயத்தில் என்னை அசைக்க ஆள் கிடையாது என்ற நினைப்பு எனக்கு இருந்தது. எங்கள் பள்ளிச் சமையலறைக்கு முட்டை பால் மாதிரி அட்டை டப்பாவில் வரும். வெள்ளைக்கரு தனி டப்பா, மஞ்சள் கரு தனி டப்பா. வேண்டியதை வெட்டி ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஓடு உடைக்கிற சத்தத்தைக் கேட்டே பல வருடம் ஆகிறது. சமையலறைச் சுத்தம் குறித்து எனக்கு அரசாங்கச் சான்றிதழ்கூட உண்டு, சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். இந்தத் தெனாவட்டில்தான் ஊருக்குப் போனேன்.

பெட்டியில் ஒரு ஒட்டாத தவா கொண்டுபோயிருந்தேன். எண்ணெயே இல்லாமல் முட்டை வழுக்கிக்கொண்டு ஓடும், உயர்ந்த ரகம். வந்த அன்று மாலை அதில் ஒரு வெள்ளைக்கரு ஆம்லெட் போட்டுக் காட்டினேன். அண்ணி வாயைப் பிளந்து பார்த்தார். மறுநாள் காலை நான் எழுந்து வருவதற்குள், புதுப் பாத்திரம் ஆயிற்றே என்று பயபக்தியோடு கம்பி நாரும் பவுடரும் போட்டு அதைத் தேய்த்து வைத்திருந்தார். கறுப்பெல்லாம் போய்த் தவா வெள்ளிபோல மின்னியது.

"எவ்ளோ கரி புடிச்சிருந்துச்சி சுமதி! அங்க தண்ணி சரியில்லபோல" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதால் அண்ணி மனம் சங்கடப்படும் என்று சிரித்துவைத்தேன்.

ஆனால் நான் விடவில்லை. இட்லிப் பானையை இறக்கினேன். வெள்ளைக்கருவில் சின்ன வெங்காயம், மிளகு, முருங்கைக்கீரை போட்டு அடித்து, குழித்தட்டில் ஊற்றி ஆவியில் வேகவைத்தால் முட்டை இட்லி. அதையே தட்டையாக வேகவைத்துத் துண்டு போட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெயில் வைத்த காரக்குழம்பில் போட்டால் பார்ப்பதற்கு மீன்துண்டு மாதிரி இருக்கும். கொதிக்கிற மிளகு ரசத்தில் வெள்ளைக்கருவை நூலாக ஊற்றினால் சூப்பும் ஆச்சு, ரசமும் ஆச்சு. தோசைக்கல்லுக்குப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரே ஒரு இழுப்பு, அவ்வளவுதான்.

அண்ணன் முதல் நாள் முட்டை இட்லியை விரலால் அழுத்திப் பார்த்தார். அது உள்ளே போய்த் திரும்பி வந்தது.

"இத்த துன்னணுமா, இல்ல கால்ல மாட்டிக்கினு நடக்கணுமா?"

"துன்னுண்ணா. பிரான்சுல இத்த ஸ்டார் ஓட்டல்ல வெக்கறாங்க."

"அங்க இருக்கறவங்க பாவம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். மூன்றையும் சாப்பிட்டார். தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

3

நான் யோசிக்காத ஒன்று இருந்தது. முட்டைக்குள் மஞ்சள் கருவும் இருக்கிறது.

சிரிக்காதீர்கள். பத்தொன்பது வருடம் டப்பாவில் இருந்து வெள்ளையை மட்டும் ஊற்றிய கைக்கு, மற்றது எங்கே போகிறது என்ற கவலை வந்ததே இல்லை. இங்கே அது கண்ணெதிரில் கிண்ணத்தில் மிதக்கிறது. அண்ணனுக்கு மூன்று முட்டை, துணைக்குப் பத்தியம் இருக்கிறோம் என்று எனக்கு இரண்டு, அண்ணிக்கு இரண்டு. ஆக, தினம் ஏழு மஞ்சள் கரு. சாக்கடையில் ஊற்றப் போனேன். அண்ணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, சோத்த கொட்டறவள நா இன்னைக்குத்தான் பாக்கறன். குடு இங்க. வளர்மதி வூட்டுல மூணு புள்ளைங்க இருக்குது."

வளர்மதி எதிர் வீடு. பாகூரில் இருந்து வாக்கப்பட்டு வந்தவள், நாற்பது வயது இருக்கும். அவள் வைக்கிற குழம்பின் வாசனைக்குத் தெருவில் போகிறவர்கள் நடையைக் குறைப்பார்கள். அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு ஏழு மஞ்சள் கருவும் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் மூடிபோட்டு எதிர் வீட்டுக்குப் போய்விடும். கொழுப்பு வீட்டைவிட்டு வெளியே, வளரும் பிள்ளைகளுக்குச் சத்து. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

கிண்ணம் மறுநாள் காலையில் சுத்தமாகக் கழுவித் துடைத்துச் சமையலறை மேடையில் இருக்கும். அது எப்படி வந்தது, எப்போது வந்தது, எதோடு வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

4

கேட்க நேரமும் இல்லை. தினம் ஒன்பதரை மணி பஸ்ஸில் நான் வில்லியனூர் பக்கம் ஓர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, என் மனு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அப்பா பெயரில் இருக்கும் கொல்லையை அண்ணன் பெயருக்கு மாற்ற நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்தக் காகிதத்தில் நான் கலியபெருமாள் மகள் சுமதி. என் பிரெஞ்சு அடையாள அட்டையில் முன்னால் கணவர் குடும்பத்துப் பெயர், பின்னால் என் பெயர், நடுவில் எழுத்துக்கு மேலே ஒரு சின்னக் கோடு. மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இந்தம்மாவும் அந்தம்மாவும் ஒருத்தர்தான்னு ஒரு சான்று வாங்கியாங்க."

"சார், ரெண்டு பேரும் நான்தான். எதிர்ல நின்னுக்கினு இருக்கன்."

"நீங்க சொன்னா எப்படிம்மா?"

பிரான்சில் கணவர் இறந்தபோதும் இதே கதைதான். நான் அவர் மனைவிதான் என்று நிரூபிக்க, என் பிறப்புச் சான்றிதழின் மூன்று மாதத்துக்கு உட்பட்ட நகல் கேட்டார்கள். பிறந்தது ஐம்பத்தொரு வருடத்துக்கு முன்னால், இந்த மூன்று மாதத்தில் அதில் என்ன மாறியிருக்கும் என்று கேட்டேன். இந்த விஷயத்தில் இரண்டு தேசமும் ஒரே வகுப்பில் படித்தவை.

ஆக, நான் தினமும் பஸ் ஏறுவேன், "நாளைக்கு வாங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு ஒரு மணிக்குத் திரும்புவேன். பகல் பதினொன்றுக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

5

மூன்றாவது வாரம் ரத்தம் கொடுத்தோம். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"வீட்ல யார் சமையல்?"

நான் பெருமையாக ஒரு அடி முன்னால் நகர்ந்தேன். என் வேலை, என் சான்றிதழ், ஆவி, அரை வெங்காயம், ரசத்தில் நூல் நூலாக முட்டை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். கெட்ட கொழுப்பு இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்தது.

"நீங்க சொல்றதப் பாத்தா இப்படி வரக்கூடாது. அடுத்த டெஸ்ட்லயும் இப்படியே இருந்தா நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன். அட்மிட் பண்ணிடுவேன்."

ஆட்டோவில் அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சு வாங்கினார். ஏழு கடல் தாண்டி வந்து, இட்லிப் பானையும் கையுமாக நின்று, இவரைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்று இருந்தது. வெள்ளைக்கருவில் ஏதாவது கலப்படமோ என்றுகூட யோசித்தேன். மறுநாளே முட்டைக் கடையை மாற்றினேன். எண்ணெயை இன்னும் குறைத்தேன். அண்ணன் முன்பெல்லாம் தட்டைப் பார்த்துக் கிண்டல் செய்வார், இப்போது அதுவும் இல்லை. நல்ல பிள்ளைபோல மென்று விழுங்கினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

6

பிடிபட்டது சர்வரால். ஒரு நாள் அலுவலகத்தில் "சர்வர் டவுன், யாரும் நிக்காதீங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினொன்று அடிக்கும்போது நான் தெருமுனையில் இருந்தேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணன். மடியில் தட்டு. தட்டில் முறுகல் தோசை. தோசைக்குப் பக்கத்தில் எண்ணெய் பளபளக்க, வெங்காயமும் சோம்பும் மணக்க, சிவப்பும் மஞ்சளுமாக ஒரு தொக்கு. பக்கத்தில் வளர்மதி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உப்பு பத்துச்சா அண்ணே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தரையில் என் எவர்சில்வர் கிண்ணம், வழித்துத் துடைத்த நிலையில்.

"இன்னாண்ணா இது?"

அண்ணன் நிதானமாக நிமிர்ந்தார். "கிண்ணம்."

"கிண்ணத்துல இருந்தது இன்னா?"

"அத்த நீதான அனுப்புன. காலைல போனது திரும்பி வந்துச்சி. நா இன்னா பண்ணட்டும்?"

"எவ்ளோ நாளா?"

"நீங்க வந்த நாலாம் நாள்ல இருந்து" என்றாள் வளர்மதி, ஒளிவுமறைவு இல்லாமல். "அக்கா, நீங்க பாட்டுக்குத் தெனம் ஏழு மஞ்சக்கரு அனுப்பறீங்க. நா வெறும் கிண்ணத்த எப்படிக்கா திருப்பித் தருவன்? எங்க வூட்டுல பழக்கமே இல்ல. எம் புள்ளைங்களுக்கு ரெண்டே நாள்ல தெவிட்டிப் பூடுச்சி. அதான் நல்லா எண்ணெ ஊத்தி வதக்கி, அண்ணனுக்கு ஒரு வாய் ருசியா இருக்கட்டும்னு…"

வேறு எந்த ஊராக இருந்தாலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. பிரான்சில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு முறை என் கிண்ணத்தைத் திருப்பித் தந்தாள், காலியாக, கழுவி, நன்றி என்று ஒரு சீட்டோடு. எனக்கு ஒரு வாரம் மனசே சரியில்லை, அவளுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று. எங்கள் பக்கம் வந்த பாத்திரத்தை வெறுமையாக அனுப்ப மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் நாலு கறிவேப்பிலையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். சின்ன வயதில் நானே அப்படிப் பத்து வீட்டுக்குக் கிண்ணம் சுமந்தவள்தான். நான் மஞ்சள் கருவை நாடு கடத்தியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாஸ்போர்ட், விசா ஒன்றும் இல்லாமல், கூடவே நாலு ஸ்பூன் எண்ணெயையும் அழைத்துக்கொண்டு, பதினொரு மணிக்கு டாணென்று வீடு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

அண்ணியைக் கூப்பிட்டேன். கொல்லைப்பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்தவர் தலையை மட்டும் நீட்டினார்.

"அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார். "கத்தாத. நீ வெச்ச இட்லிய துன்னுட்டு மனுசன் வாசல்ல குந்திக்கினு ரோட்டையே பாத்துக்கினு இருக்குது. உனக்கென்ன, பஸ்ஸு ஏறிப் போயிடற. நாந்தான அந்த மூஞ்சியப் பாக்கணும்?"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் பாதி, பயத்தில் பாதி. "இன்னொரு தடவ படுத்தா இன்னாண்ணா ஆவறது?" என்று கேட்டேன். அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். அதில் அரை தோசை மிச்சம் இருந்தது. அதை அவர் வைத்துவிட்டார் என்பதை இங்கே பதிவுசெய்கிறேன், அது லேசான காரியம் இல்லை.

7

அடுத்த நாள் கிண்ணத்துக்குப் பதில் மஞ்சள் கருவை ஒரு பிளாஸ்டிக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டு அனுப்பினேன். கவரைத் திருப்பித் தர வேண்டியதில்லையே. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். வளர்மதி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தெருக்குழாயில் பார்த்தால் குடத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். அண்ணிதான் சொன்னார்: "கவர்ல குடுத்தா, உன்கிட்டருந்து எனக்கு ஒண்ணும் வாணாம்னு சொல்றதுடி. அவ நொந்துகினா."

போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். பிறகு தென்னை மரத்தடியில் ஊற்றினேன். அண்ணி பார்த்துவிட்டு, "மரத்துக்கு ஆம்லெட்டா? மொளகுத்தூள் வாணாமா?" என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க அந்தச் செய்தி போய்விட்டது. தெரு நாய் ஒன்றுக்கு வைத்தேன். மறுநாள் ஐந்து நாய் வந்து வாசலில் வரிசை கட்டின. அண்ணனால் நாற்காலி போட முடியவில்லை.

முட்டையே வேண்டாம் என்று நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வேறு எதைக் கொடுப்பது? மீன் வறுவலாக இருந்தால்தான் மீன் என்பார், சுண்டலைக் கண்டால் கோயிலா என்பார். வெள்ளைக்கரு ஒன்றைத்தான் திட்டிக்கொண்டாவது சாப்பிட்டார்.

கடைசியில் ஒரு ஏற்பாடு செய்தேன். கிண்ணம் எப்போதும்போலப் போகும், எப்போதும்போலத் திரும்பி வரும். ஆனால் பதினொரு மணிக்கு அதை வாங்குவது நான். அலுவலகத்துக்கு முழுக்குப் போட்டேன். வாங்கியதைக் கொட்டவும் முடியாது, வளர்மதி எதிரிலேயே நின்று "எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பாள். அதனால் நானே சாப்பிட்டேன்.

முதல் நாள் கடமையாகத்தான் சாப்பிட்டேன். இரண்டாம் நாளுக்குப் பிறகு கடமை என்று சொன்னால் அது பொய். தொக்கு, குருமா, கருவாடு போட்டு ஒரு வறுவல், முந்திரி அரைத்து விட்டு ஒரு கெட்டிக் குழம்பு. வளர்மதிக்குக் கைமணம் அப்படி. அண்ணன் எதிரில் உட்கார்ந்து முட்டை இட்லியைக் கிள்ளிக்கொண்டே என் தட்டைப் பார்ப்பார்.

"ஒரே ஒரு வாய்டி."

"கெடயாது."

"விரல்ல தொட்டு நாக்குல வெச்சிக்கறன்."

"ண்ணா, பேசாம துன்னு."

"நீ நல்லா இருப்ப" என்பார். வாழ்த்தா சாபமா என்று தெரியாத குரலில். இப்படி மூன்று வாரம் போயிற்று. அவர் வெள்ளை, நான் மஞ்சள். ஒரு முட்டையைப் பங்கு போட்டுத் தின்றோம், சின்ன வயதில் தின்றதுபோல. அப்போது மஞ்சளை எனக்கு விட்டுக்கொடுப்பார், இப்போது நான் பிடுங்கிக்கொண்டேன்.

ஏழாவது வாரம் ரத்தம் கொடுத்தோம். டாக்டர் இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை. கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. "இப்படியே போங்க. நடக்கலாம், கொல்லைக்கும் போகலாம், ஆனா பாரம் தூக்கக்கூடாது" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "மாத்தர நல்ல மாத்தர."

அண்ணி சொன்னார்: "நா திருக்காஞ்சி கோயிலுக்கு வேண்டிக்கினன், அதான்."

முட்டையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரிப் படியில் கைப்பிடி பிடிக்காமல் இறங்கிப் போனதைப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

8

திரும்பி வந்து வேலையில் சேர்ந்ததும் வழக்கமான உடல் பரிசோதனை. ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். இளவயது டாக்டர், என் மகன் அருண் வயதுதான் இருக்கும். போன வருடக் காகிதத்தையும் இந்த வருடக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"மேடம், இரண்டு மாதமாக என்ன சாப்பிட்டீர்கள்?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அண்ணன், ஸ்டென்ட், வெள்ளைக்கரு வரைக்கும் என் பிரெஞ்சு ஒழுங்காக வந்தது. கிண்ணத்தில்தான் தடுக்கி விழுந்தேன். எதிர் வீட்டுப் பெண் தினமும் கொண்டுவந்து தருவாள், நான் மறுக்க முடியாது, அவள் எதிரிலேயே சாப்பிட்டாக வேண்டும் என்றேன். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டு, மெதுவான குரலில், "அந்தப் பெண்ணைக் கண்டு பயப்படுகிறீர்களா?" என்று கேட்டார். மறு வாரம் சமூக நல அலுவலகத்தில் இருந்து கடிதம் வந்தது. அக்கம்பக்கத்தாரால் தொல்லை இருந்தால் தொடர்புகொள்ளவும் என்று. வளர்மதிக்குத் தெரிந்தால் கிண்ணத்தோடு கிளம்பி வந்துவிடுவாள்.

அண்ணனிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தேன். எதற்குப் பயமுறுத்துவது, அவ்வளவு தூரத்தில் இருக்கிறார். மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

அருண் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவான். காதில் ஒன்றை மாட்டிக்கொண்டே சாப்பிடுவான், மாட்டிக்கொண்டே போவான். அவனுக்குத் தெரிந்த தமிழ் எல்லாம் சேர்த்து இருபது வார்த்தை இருக்கும், அதில் பாதி சாப்பாடு. மாமாவோடு போனில் பேசு என்றால், "நான் என்ன பேசுவது?" என்று பிரெஞ்சில் கேட்பான். அந்தப் பையன்தான் மேசையில் கிடந்த காகிதத்தைப் படம் பிடித்து மாமாவுக்கு அனுப்பிவிட்டான். கூடவே குரலிலும் ஒரு செய்தி: "மாமா, அம்மா ரொம்ப கொழுப்பு. நீ சொல்லு."

நான் பிரான்சுக்கு வந்த இந்த இருபத்தெட்டு வருடத்தில் அண்ணன் தானாக என்னைக் கூப்பிட்டதே கிடையாது. கூப்பிடுவது எப்போதும் நான்தான். மறுநாள் காலை ஏழு மணி, நான் வேலைக்குக் கிளம்பும் முன் அடுப்பைப் பற்றவைத்தேன், போன் அடித்தது. வீடியோவில் அண்ணன். பின்னால் கரும்பு நின்றிருந்தது. தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"உம் புள்ள சொன்னான். அது எனக்குச் சின்ன வயசுலருந்தே தெரியும்னன்" என்று ஆரம்பித்தார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஏண்டி, எனக்கு வர வேண்டியத நீ துன்னுட்டுப் போயிருக்க. எங்கிட்ட சொல்லவும் இல்ல. ஏன் சொல்லல?"

"உன்ன எதுக்குண்ணா பயமுறுத்தறது."

"நல்லாருக்குதுடி ஞாயம். அங்க உனக்கு ஒண்ணுன்னா நா பஸ்ஸுலயா வர முடியும்?" குரல் கொஞ்சம் உடைந்தது. செருமிச் சரிசெய்துகொண்டார். "அப்பா பெத்ததுல மிச்சம் இருக்கறது நாம ரெண்டு பேரு. நா மட்டும் ஒடம்பத் தேத்திக்கினு இங்க தனியா இருந்து இன்னா பண்ணப் போறன், சொல்லு?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அடுப்பில் வெள்ளைக்கரு சிடுசிடுத்தது.

"அழுவாத. இன்னா வெச்சிருக்க அடுப்புல?"

"வெள்ளக்கரு."

"காட்டு."

போனைத் திருப்பித் தவாவைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த எண்ணெய் பாட்டிலைக் கையால் மறைக்கப் பார்த்தேன்.

"கைய எடு. எண்ணெ எவ்ளோ வுட்ட?"

"அரை ஸ்பூன்தாண்ணா."

திரையில் அவர் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது, மூக்கும் கண்ணும் மட்டும் தெரியும் அளவுக்கு.

"சட்டியச் சாய்ச்சிக் காட்டுடி."

சாய்த்தேன். எண்ணெய் ஓரத்தில் வந்து தேங்கி நின்றது.

"நாளைக்கும் இதே நேரம் கூப்புடுவன்" என்றார் அண்ணன்.